மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை; ஓடச் சொன்னால் சரியாகுமா?

கேள்வி: பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகளுக்கு 16 வயது, படிவம் 4. போன வருடம் வரை பள்ளியில் வலைப்பந்து விளையாடியவள், இப்போது பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு படுத்துவிடுகிறாள். ராத்திரி 2 மணிக்கும் விழித்திருக்கிறாள். எது கேட்டாலும் எரிந்து விழுகிறாள். தினமும் வெளியே போய் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார். உண்மையா? பொழுது சாயும் நேரத்தில் வயசுப் பிள்ளையை எப்படித் தனியே அனுப்புவது?

பதில்: அன்புச் சகோதரி, நாத்தனார் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிடித்ததில் நாட்டம் குறைவது, தூக்கம் கெடுவது, எரிச்சல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் கோபமாகவே வருவதுண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்குப் பார்ப்பார்கள். ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புச் சத்து) டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அந்த அசதியைத்தான் பல வீடுகளில் சோம்பல் என்று திட்டுகிறோம். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ நடையும் ஓட்டமும் அப்புறம்; அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவி எண் 15999-இல் எந்நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

இனி, வெளியே போவதால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைக்கிறது. விளக்கு எரியும் அறையில் கிடைப்பது 100 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பகலில் வகுப்பறை, அப்புறம் சாத்திய அறை, ராத்திரி முகத்தருகே திரை என்று இருந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். 2 மணி வரை தூக்கம் வராது. பதற்றத்துக்கும் நடை நல்லது. பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். வேகமாக நடந்தாலும் இதேதான் நடக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் அடங்குகிறது. படபடப்பு வரும், போகும், அதனால் ஆபத்தில்லை என்று உடம்பே பழகிக்கொள்கிறது. எண்டார்பின் என்ற வேதிப்பொருள் சுரந்து உடனே மகிழ்ச்சி பொங்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். ரத்தத்தில் ஓடும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. முதல் நாளே முகம் மலராது. சில வாரம் பொறுக்க வேண்டும்.

"போய் ஓடு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மனம் சோர்ந்த பிள்ளைக்கு முதலில் போவது ஆர்வம்தான். ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. உடம்பு நகரத் தொடங்கிய பிறகுதான் அது மெல்லத் திரும்பும். அதனால் முதல் வாரம் பத்தே நிமிடம், உங்களோடு. "கடையில மைலோ வாங்கிட்டு வரலாம், வாம்மா" என்றால் போதும். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாய் திறக்காத பிள்ளைகள், பக்கத்தில் நடக்கும்போது பேசுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் படிப்பும் வேண்டாம், உடம்பு எடையும் வேண்டாம். எடையைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் நடை அவளுக்குத் தண்டனையாகிவிடும்.

நம் பக்கம் சூரியன் உதிப்பதே 7 மணி வாக்கில்தான். பள்ளி நாளில் காலை நடை ஒத்துவராது. அந்த நாட்களில் மாலை 5.30 சரியான நேரம், 6.45-க்குள் வீடு திரும்பிவிடலாம். சனி, ஞாயிறு காலை 7.30-க்கு வெளியே வரட்டும். அந்த இரண்டு நாளும் 11 மணி வரை தூங்கினால் வாரம் முழுக்கப் பட்ட பாடு வீணாகும். இரண்டாம் வாரம் 20 நிமிடம். மூன்றாம் வாரத்தில் 5 நிமிடம் நடந்துவிட்டு, 1 நிமிட மெதுவோட்டம், 2 நிமிட நடை என்று ஆறு முறை. முடிவில் மறுபடி 5 நிமிட நடை. ஓடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும், அதுதான் அளவு. பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம். 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரி 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதை இலக்காக வையுங்கள், முதல் நாளே கேட்காதீர்கள்.

இடத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. செம்பனை வரிசைக்குள் போகவே வேண்டாம். இருட்டினால் பாம்பு, பகலில் குலை ஏற்றும் லாரி. களைக்கொல்லி அடிக்கும் நாளை மண்டோரிடம் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) கேட்டு, அந்தப் பக்கத்துப் பாதையையும் தவிருங்கள். தமிழ்ப்பள்ளித் திடலோ லயத்து வாசலோ போதும்; கூட ஒருவராவது இருக்கட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தால் உடனே கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே போகலாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (IPU) 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு உறுத்துவது வலைப்பந்துதான். அதை ஏன் விட்டாள்? குழுவிலிருந்து நீக்கினார்களா, யாராவது கேலி செய்தார்களா, தோழியோடு சண்டையா? காரணம் அங்கே இருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் தீராது. நடக்கும்போது ஒரு நாள் மெதுவாகக் கேளுங்கள். கேலிதான் என்றால் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரைப் பாருங்கள். நாலைந்து வாரம் கழித்து இரண்டு பூப்பந்து மட்டை வாங்கிக் கொடுங்கள். ஓட்டம் தனியாகவும் முடியும். மட்டை இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை தானாக வந்து நிற்கும்.

வரமாட்டேன் என்பாள், நிச்சயம் சில நாள் சொல்வாள். அதற்காகக் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். நீங்கள் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கூப்பிடுங்கள்.