மில் ஸ்கேலை ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் இரும்பாக்க முடியுமா?

கேள்வி: ரோலிங் மில்லோடு சின்ன ஆர்க் ஃபர்னஸும் வைத்திருக்கிறோம். மில் ஸ்கேல் (சூடான எஃகை உருட்டும்போது உதிரும் இரும்பு ஆக்சைடுச் செதில்) குவிந்துகொண்டே போகிறது. ஹைட்ரஜன் பிளாஸ்மாவால் நிலக்கரி இல்லாமலே அதை இரும்பாக்கலாம் என்கிறார்களே, நம் ஃபர்னஸுக்குள் ஹைட்ரஜனை விட்டால் நடக்குமா?

பதில்: நடக்காது. தயவுசெய்து முயற்சிகூடச் செய்யாதீர்கள். உங்கள் ஃபர்னஸில் கசடுக் கதவு, எலெக்ட்ரோடு துளை, புகைக்குழாய் இடைவெளி என எல்லா வழியாகவும் காற்று உள்ளே வரும், காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

ஆனால் யோசனை சரியானதுதான். ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸில் (நம் ஸ்டீல் ஆட்கள் தினமும் சொல்லும், ஆக்சிஜன் ஊதி எஃகு செய்யும் எல்.டி. கன்வெர்ட்டரின் 'டி' இந்த ஊர்தான்) இதற்காகவே ஒரு சோதனை உலை கட்டினார்கள். மூடிய உலை, டி.சி. ஆர்க். நடுவில் துளையிட்ட கிராஃபைட் எலெக்ட்ரோடு வழியாகத் தாதுப் பொடியும் ஹைட்ரஜன் கலந்த வாயுவும் நேராக ஆர்க்குக்குள் இறங்கும். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறு அணுக்களாகவும் அயனிகளாகவும் உடைந்துவிடும், இதுதான் ஹைட்ரஜன் பிளாஸ்மா. சாதாரண ஹைட்ரஜன் இரும்புத் தாதுவோடு வினைபுரிய வெளியிலிருந்து வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அணு ஹைட்ரஜனோ வினையிலேயே வெப்பத்தை விடும். தாதுப் பொடியை உருண்டையாக்கிச் சுட்ட பெல்லட் வேண்டாம், கட்டியாகச் சுட்ட சின்டர் வேண்டாம், பொடியைப் போட்டால் ஒரே படியில் உருகிய இரும்பு, வெளியே போவது பெரும்பாலும் நீராவி. ஸ்வீடனின் லூலியோவில் கட்டிய ஹைட்ரஜன் ஷாஃப்ட் உலைக்கோ (மேலிருந்து தாது இறங்கும் உயரமான உலை) பெல்லட் வேண்டும், அதில் கிடைக்கும் திட இரும்பை வேறு உலையில் உருக்கவும் வேண்டும். கழிவிலும் இது வேலை செய்யும்: அலுமினா ஆலைகளின் சிவப்புச் சேற்றிலிருந்து, ஆர்கானில் வெறும் 10 சதவீத ஹைட்ரஜன் கலந்து, பத்தே நிமிடத்தில் இரும்பு எடுத்ததை ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்டார்கள். அது கிராம் கணக்கில் செய்த ஆய்வக வேலை, உங்கள் குவியலோ டன் கணக்கு.

என் பார்வையில் சிக்கல் வேதியியலில் இல்லை, ஹைட்ரஜனும் எலெக்ட்ரோடும்தான். ஒரு டன் இரும்புக்கு ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவில் கணக்குப்படி குறைந்தது 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். உங்கள் ஸ்கேலில் ஆக்சிஜன் குறைவு என்பதால் 40 கிலோ சொச்சம் போதும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கக் கிலோவுக்கு 50 யூனிட் மின்சாரம், ஆக மொத்தம் 2,000 யூனிட்டுக்கு மேல், ஆர்க் மின்சாரம் தனி. அப்புறம் ஆக்சைடு குறையக் குறைய ஹைட்ரஜன் வேலை செய்யாமலே வெளியே போகும் பங்கு கூடும். அதைக் குளிரவைத்து, நீரைப் பிரித்து, திரும்ப அனுப்ப வேண்டும். கிராஃபைட்டும் தேயும், கொஞ்சம் கார்பன் உலோகத்திலும் சேரும்.

எனவே இப்போதைக்கு ஸ்கேலை சிமெண்ட் ஆலைக்கு விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் கோக் பொடியோடு பிரிக்கெட்டாக அழுத்தி உங்கள் ஃபர்னஸிலேயே போடுங்கள், இது கார்பன் இல்லாத வழி அல்லதான், இருந்தாலும் இரும்பு வீணாகாது. எதுவானாலும் முதலில் ஸ்கேலில் ஒட்டியிருக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள், அதோடு போட்டால் ஷெட் முழுக்கப் புகைதான்.