வாசகர் கேள்வி பதில்: நாய் வண்டி ரேஸும் அலாஸ்காக் காணியும்

கேள்வி: யூடியூப்பில அலாஸ்கா நாய் வண்டி ரேஸ் பாத்தன். அவ்வளவு தூரம் பனிக்குள்ள ஓட வைக்கிறது பாவமில்லையா? அடிச்சா ஓட்டுறாங்க?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நீங்க பாத்தது இடிடராட் ரேஸாத்தான் இருக்கும் தங்கச்சி. 1973ல தொடங்கினது, ஒவ்வொரு மார்ச்சும் ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் எண்ட ஊர் வரைக்கும் கிட்டத்தட்ட 1,000 மைல். நாயள வதைக்கிறதுக்கு அங்க தடை, கடிவாளமும் இல்ல, முன்னுக்கு ஓடுற லீட் நாய்க்கு 'ஜீ' எண்டா வலது, 'ஹா' எண்டா இடது, எல்லாம் வாயாலதான். நாய்க்கு மனமில்லாட்டி வண்டி அசையாது, அத்தனை நாயையும் ஒரு மனுசன் இழுக்க ஏலுமா?

என்னைக் கேட்டா எப்ப நிறுத்துறது எண்டு தெரிஞ்ச ஆள்தான் அதுல வெல்லும். ஒரு தரம் 24 மணித்தியாலம், மறுகா ரெண்டு தரம் 8 மணித்தியாலம் நின்டே ஆகணும், அது ரூல். நின்ட உடன மஷர், அதான் வண்டி ஓட்டுற ஆள், படுக்கிறதில்ல, வைக்கோல் விரிச்சு நாயளப் படுக்க விட்டு, பனிய உருக்கித் தண்ணி எடுத்து, இறைச்சியும் கொழுப்பும் போட்டுக் குடுத்து, துணிச் சப்பாத்தக் கழட்டி ஒவ்வொரு பாதமாப் பாத்து மருந்து பூசி, அதுக்குப் பிறகுதான் அவருக்குச் சோறும் நித்திரையும். ஒரு நாய் ஒரு நாளைக்கு 10,000 கலோரி அளவு திண்ணும். ஏலாம போன நாய செக்பாயிண்டில விட்டா மிருக வைத்தியர் பாப்பார், பிறகு பிளேன்ல ஏத்தித் திருப்பி அனுப்புவாங்க.

அதுக்காகப் பாவமே இல்ல எண்டு சொல்ல மாட்டன். நாய் செத்த வருசங்களும் இருக்கு, ரேஸே வேணாம் எண்டு அங்கயே சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்காங்க, அவங்க கேக்கிறதுல நியாயம் இருக்கு. 1985ல சூசன் புட்சர் எண்ட பொம்புள மஷர்ட நாயளுக்குள்ள ஒரு மூஸ் மான் பாய்ஞ்சு ரெண்டு நாய் செத்துப் போச்சு, கனக்க நாய்க்குக் காயம், அவ ரேஸ அப்பிடியே விட்டுட்டா. அந்த வருசம் லிபி ரிடில்ஸ் பனிப்புயலுக்குள்ளால போய் வென்டா, அதுல வென்ட முதல் பொம்புள அவதான். புட்சர் அடுத்த வருசமே திரும்பி வந்து வென்டா, மொத்தம் நாலு தரம்.

கேள்வி: அலாஸ்காவில காணி சும்மா குடுக்கிறாங்களாமே, நம்மளும் போகலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அது முடிஞ்ச கதை தம்பி. 1862ல அமெரிக்கா போட்ட குடியேற்றக் காணிச் சட்டப்படி வீடு கட்டி, பயிர் செஞ்சு, இருந்து காட்டினா 160 ஏக்கர் வரை கிடைச்சிச்சு. 1976ல நிப்பாட்டினாங்க, அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை விட்டாங்க. கடைசி உறுதி குடுத்தது 1988ல, ஸ்டோனி ஆத்துப் பக்கம் 80 ஏக்கர்.

இடிடராட் ரேஸத் தொடங்கின ஜோ ரெடிங்டனும் 1948ல இப்பிடி அலாஸ்காவில க்னிக் எண்ட இடத்தில காணி எடுத்துக் குடியேறின ஆள்தான், பனியில ஓடுற மெஷின் வந்த பிறகு ஊருகள்ல நாய் வண்டி அழிஞ்சு போகுது எண்ட கவலையிலதான் அவர் இந்த ரேஸுக்கே ஓடித் திரிஞ்சார். அந்தக் குடியேற்ற வாழ்க்கை லேசில்ல. டிசம்பர்ல ஃபேர்பேங்ஸ் பக்கம் பகல் 4 மணித்தியாலம்கூட இல்ல, குளிர் மைனஸ் 40 வரை போகும், கோடையில பிடிச்ச சால்மன் மீனக் காயவச்சுத்தான் மாரி முழுக்க நாய்க்குத் தீனி. சாப்பாட்டுச் சாமான வைக்க நம்மட சேனைக் காவல் பரண் மாதிரி உசரக் கால்ல ஒரு குட்டி வீடு கட்டுவாங்க, மிருகம் ஏறாம இருக்கக் காலச் சுத்தித் தகரம் அடிப்பாங்க.

கேள்வி: பனியில வண்டி இழுக்கிற ஹஸ்கி நாய்க் குட்டி ஒண்டு வாங்க ஆசை, இஞ்ச வளக்கலாமா?
- மாணவன், கல்லடி

பதில்: வேணாம் மகன். அதுக்கு ரெண்டு அடுக்கு மயிர். அந்த ரேஸ்லயே பகல் வெயில் கொஞ்சம் ஏறினா நாயளப் படுக்க விட்டுட்டு ராவிலதான் ஓட்டப் பாப்பாங்க, அப்ப மட்டக்களப்பு மே மாச வெக்கைய யோசிச்சுப் பாருங்க. ஏசி ரூமுக்குள்ள அடைச்சு வச்சா, ஓடுறதுக்கெண்டே பிறந்த நாய்க்கு அதுவும் தண்டனைதான். ரோட்டில திரியிற குட்டி ஒண்ட எடுங்க, விசர்நாய்க்கடி ஊசியப் போடுங்க, விடியக்காலையில வெயில் ஏற முதல் கல்லடி கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க, அதுவும் நல்லா ஓடும்.