‘அலகு விலை’ என்றால் என்ன? அதைக் கவனித்தால் மளிகைச் செலவு குறையுமா?

ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டர் நமக்கு என்ன விலைக்கு வருகிறது என்பதுதான் அலகு விலை. கவனித்தால் செலவு குறையும்.

மாதக் கணக்கு நோட்டில் தொகையை மட்டும் எழுதுகிறவர்களின் கண்ணுக்கு ஒன்று தப்பிவிடும்: விலை அப்படியே இருக்க, எடை குறைந்திருக்கும். சமையல் எண்ணெயைப் பாருங்கள். ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 910 கிராம். பார்வைக்கு அதே அளவில் 850 கிராம் பாக்கெட்டும் கடையில் இருக்கிறது. முதலாவது 145 ரூபாய், இரண்டாவது 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதை எடுத்தால், கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். தூரத்தைக் கேட்காமல் இரண்டு ஆட்டோக்காரர்களின் கட்டணத்தை ஒப்பிடுவது போன்றது இது.

இந்தியாவில் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ‘யு.எஸ்.பி.’ என்று அலகு விலையைப் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். (கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் பலர் படிக்க வேண்டியிருக்கும்!) நோட்டில் தொகையோடு எடையையும் குறித்துவந்தால், எந்தப் பொருள் சத்தமில்லாமல் விலை ஏறியது என்பது சில மாதங்களில் பிடிபடும்.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நினைக்க வேண்டாம். ஷாம்பு சாஷே பல நேரங்களில் பாட்டிலைவிட மில்லிலிட்டருக்குக் குறைந்த விலையில் வருகிறது.