ஒரே மனை, மூன்று பத்திரம்: பாலஸ்தீனத்தை வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: மேல்நிலை வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டன் பாலஸ்தீனத்தை அரபிகளுக்கு, யூதர்களுக்கு, பிரான்ஸுக்கு என்று மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்தது என்றேன். "அப்போ எது செல்லும் டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தடுமாறிவிட்டேன். என்ன பதில் சொல்வது?

பதில்: ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்து கொடுக்கிற ஆட்களைப் பற்றி அந்தப் பெண் கேள்விப்பட்டிருப்பாள். அங்கிருந்தே தொடங்குங்கள். ஆனால் ஒன்று, இங்கே விற்றவரிடமே பட்டா இல்லை. இந்த வாக்குறுதித் தாள்கள் எழுதப்பட்டபோது பாலஸ்தீனம் ஒட்டோமான் (துருக்கி) பேரரசின் கையில் இருந்தது. ஜெருசலேமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்ததே 1917 டிசம்பரில்தான்.

அதனால் ஒவ்வொரு தாளிலும் இரண்டு விஷயம் தேடச் சொல்லுங்கள். எழுதியவருக்கு அந்த நேரத்தில் என்ன அவசரம்? எந்தச் சொல்லை எழுதாமல் விட்டார்?

முதல் தாள் 1915 அக்டோபர் 24இல் எழுதப்பட்டது. எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி மக்மஹோன், மக்காவின் அரபு ஆட்சியாளரான ஷரீஃப் ஹுசைனுக்கு எழுதிய கடிதம். துருக்கியின் கல்லிப்போலியில் நடந்த போரில் பிரிட்டன் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. ஒட்டோமான்களுக்கு எதிராக அரபிகள் கிளம்பினால் நல்லது. அரபு சுதந்திரத்தை ஆதரிக்கிறோம், ஆனால் டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகள் சேராது என்றார் மக்மஹோன். 'பாலஸ்தீனம்' என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. அதையும் சேர்த்துத்தான் விலக்கினோம் என்று பிரிட்டன் பிறகு சாதித்தது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அந்த ஊர்களுக்கு மேற்கே இருப்பது லெபனானும் சிரியாவின் கடலோரமும்; பாலஸ்தீனம் தெற்கே தள்ளிக் கிடக்கிறது. அரபிகளின் வாசிப்பே பொருத்தம் என்பது என் கருத்து.

இரண்டாவது, பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட 1916 மே மாத சைக்ஸ்–பிகோ ரகசிய ஒப்பந்தம். இங்கே உங்கள் பாடத்தில் ஒரு திருத்தம் வேண்டும். பாலஸ்தீனத்தை அது பிரான்ஸுக்குக் கொடுக்கவில்லை. பெரும்பகுதியைப் பன்னாட்டு நிர்வாகத்துக்கு என்று ஒதுக்கியது. பிரான்ஸுக்குக் கைமாறியது சிரியக் கடலோரமும் லெபனானும்.

அப்புறம் பால்ஃபர் பிரகடனம், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் 1917 நவம்பர் 2இல் எழுதிய கடிதம். ஆங்கிலத்தில் வெறும் 67 சொற்கள். இதற்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கலாம். அந்த ஜூலையில் சியோனிச (யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் கேட்ட இயக்கம்) தலைவர்கள் கொடுத்த வரைவு, பாலஸ்தீனத்தை யூத மக்களின் தேசிய இல்லமாக மீண்டும் அமைப்பதைப் பற்றிப் பேசியது. வெளிவந்த கடிதத்திலோ பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம். தமிழில் சொன்னால் இரண்டாம் வேற்றுமை ஏழாம் வேற்றுமை ஆகிவிட்டது. முழு நாடா, நாட்டுக்குள் ஓர் இடமா என்ற முப்பது வருடத் தகராறு அந்த உருபில் இருக்கிறது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்காக இருந்த அரபிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடவில்லை, 'யூதரல்லாத சமூகங்கள்' என்றார்கள். அவர்களுடைய குடிமை உரிமைகளும் மத உரிமைகளும் காக்கப்படும் என்றார்கள். அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. அவசரம் என்ன? ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் யூதர்களின் ஆதரவு போருக்குத் தேவை, சூயஸ் கால்வாய்ப் பக்கம் பிரான்ஸ் வந்து உட்காரக் கூடாது. இதைக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு யூத அமைச்சர், எட்வின் மாண்டேகு. ஆம், மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தில் நாம் படிக்கிற அதே ஆள்.

சரி, எது செல்லும்? முத்திரை விழுந்த தாள் செல்லும். பால்ஃபரின் வாசகத்தை 1922இல் சர்வதேச சங்கம் பாலஸ்தீன ஆணையுரிமைக்குள் (பாலஸ்தீனத்தை ஆள பிரிட்டனுக்குக் கொடுத்த பொறுப்பு) சேர்த்தது. ஹுசைனுக்கு எழுதிய கடிதம் அலமாரியில் கிடந்தது. பிரிட்டிஷ் அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939இல்.

அதே 1939இல் அடுத்த போர் நெருங்கியது. அரபிகளைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று, ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 யூதர்களுக்கு மேல் நுழையக் கூடாது என்றது பிரிட்டனின் வெள்ளை அறிக்கை. ஹிட்லரிடமிருந்து ஓடிவந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது அப்போதுதான். கடைசியில் பிரச்சினையை ஐ.நா.விடம் தள்ளிவிட்டு, 1947 நவம்பர் 29 வாக்கெடுப்பில் பிரிட்டன் நடுநிலை வகித்தது. பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிப்பதற்கு ஆதரவு 33, எதிர்ப்பு 13. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே பக்கம் கை தூக்கின! கூட்டாட்சி போதும் என்ற யோசனையை ஈரான், யூகோஸ்லாவியாவுடன் சேர்ந்து முன்வைத்திருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

ஓர் எச்சரிக்கை. எல்லாம் லண்டனில் செய்த சதி என்று மாணவர்கள் முடித்துவிடுவார்கள், விடாதீர்கள். ரஷ்யப் படுகொலைகளுக்குப் பயந்து யூதர்கள் குடியேறத் தொடங்கியது 1880களில். குடியேற்றத்தையும் நில விற்பனையையும் நிறுத்துங்கள் என்று ஜெருசலேமின் அரபுப் பிரமுகர்கள் இஸ்தான்புல்லுக்குத் தந்தி அடித்தது 1891இல். பால்ஃபர் அப்போது படத்திலேயே இல்லை.

நேரம் மிச்சமிருந்தால் 1967இன் ஐ.நா. தீர்மானம் 242ஐக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டுப் போரில் ஆக்கிரமித்த 'பிரதேசங்களிலிருந்து' இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'தி' (the) இல்லை, அதனால் எல்லாப் பிரதேசமும் அல்ல என்கிறது இஸ்ரேல்; பிரெஞ்சு வாசகத்தைக் காட்டி எல்லாமும்தான் என்கிறார்கள் அரபிகள். அதைத் தமிழில் பெயர்க்கச் சொல்லுங்கள். தமிழில் அந்தச் சண்டை கண்ணுக்கே தெரியாது. ஏன் தெரியவில்லை என்று அந்த மாணவியையே கேளுங்கள்.