மாடிப்படியும் மேடுபள்ளமும்: பெங்களூருவில் கனமான சாமான் கொண்டுபோவது பற்றிக் கேள்வி பதில்

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி. படியேறும் மூன்று சக்கர டிராலி வாங்கினால் ஒரே ஆள் ஏற்றிவிடலாமா அண்ணா? (அல்சூர்)

வேண்டாம். அந்த டிராலி அட்டைப்பெட்டிக்கு நல்லது, பேட்டரிக்கு ஆகாது. படியேறும்போது சாமானைப் பின்னால் சாய்த்துத்தான் இழுக்க முடியும். சாய்ந்தால் மூடித் துளை வழியாக ஆசிட் கசியும். டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு 50 முதல் 60 கிலோ இருக்கும், இரண்டு ஆள் கட்டாயம்.

முதலில் மாடித் திருப்பத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் இறக்கி வைக்கக்கூட இடம் இருக்காது. பேட்டரியில் வயர் மாட்டும் இரண்டு முனையிலும் (டெர்மினல்) இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மோதிரம், காப்பு, செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கைப்பிடிக் கயிற்றை மட்டும் நம்பாமல், அகலமான நைலான் பட்டை இரண்டை அடியில் கொடுத்துத் தூக்குங்கள். கீழ்ப்படியில் நிற்பவர் மேல்தான் அதிக பாரம் விழும், அதனால் பலசாலி அங்கே நிற்கட்டும். அவர் இடுப்புக்கு மேலே உயர்த்திப் பிடிக்க, மேலே இருப்பவர் குனிந்து தாழ்த்திப் பிடித்தால்தான் பேட்டரி மட்டமாக இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்குங்கள். கையில் ஆசிட் பட்டால் உடனே குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தரையில் சிந்தியதற்குச் சமையல் சோடா தூவலாம்.

சமையல் கான்ட்ராக்ட். டாடா ஏஸில் டில்டிங் கிரைண்டர், அண்டா, அடுப்பு எல்லாம் போகும். கயிறு கட்டியும் வழியில் தளர்ந்துவிடுகிறது. (ஸ்ரீராமபுரம்)

கயிறு தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் முடிச்சு இல்லை. வண்டி அதிர அதிர சாமான் ஒன்றோடொன்று நெருங்கி அமர்கிறது, கயிறு தொளதொளவென ஆகிறது. போதாததற்கு நைலான் கயிறு இழுபடவும் செய்யும். ராட்செட் பெல்ட்டுக்கு (கைப்பிடியை ஆட்டி இறுக்கிப் பூட்டும் பட்டை) மாறுங்கள், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வாங்கும்போது அதில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்: அறுந்துபோகும் சுமை வேறு, பாதுகாப்பாகத் தாங்கும் சுமை வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும். பெல்ட் போட்டாலும் முதல் நான்கைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிவிடுங்கள்.

கிரைண்டரில் குழவியை வெளியே எடுத்து, சாக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கல்லோடு கல் மோதும், விளிம்பு பெயரும். சாய்க்கும் பூட்டைப் போட்டுவிட்டு, பெல்ட் கொக்கியைச் சட்டத்தில் மாட்டுங்கள். டிரம்மில் மாட்டவே கூடாது. கனமானது கேபினை ஒட்டி, தரையோடு. அண்டாக்கள் பின்னால். சிலிண்டர் நின்றபடிதான் வர வேண்டும்.

8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைக் காரில் வைத்து ஊருக்கு வெளியே எடுத்துப்போகிறேன். அங்கே போய்ப் பார்த்தால் நட்சத்திரம் மங்கலாகத் தெரிகிறது சார். (ஜெயநகர்)

குழாயையும் அடிப்பீடத்தையும் பிரித்துத்தானே ஏற்றுகிறீர்கள்? குழாயைப் பின்சீட்டில் குறுக்காக, மெத்தை விரித்துப் படுக்க வைத்து, சீட் பெல்ட் போட்டுவிடுங்கள். என்ன பத்திரம் செய்தாலும் குலுங்கலில் உள்ளே இருக்கும் கண்ணாடி கொஞ்சம் நகரும். இறக்கியதும் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது, ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பிறகும் மங்கலா? கண்ணாடி இன்னும் காரின் சூட்டோடு இருக்கிறது. திறந்தவெளியில் 30 முதல் 45 நிமிடம் ஆற விடுங்கள். அழுத்தப்பலகை அடிப்பீடத்தை ஈரப் புல்லில் வைக்காதீர்கள், ஊறி உப்பிவிடும்.

கச்சேரிக்குச் சென்னைக்கு ரயிலில் இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர், ஒரு சின்ன ஜெனரேட்டர். கூடவே எடுத்துப்போகலாமா? (விவேக் நகர்)

ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். ஆனால் உங்களுக்கு இடிப்பது எடை அல்ல, அளவு. 100 × 60 × 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டி ரயிலோடு வரும் லக்கேஜ் வேனில்தான் போக வேண்டும். 15 அங்குல ஸ்பீக்கரின் ஆழமே 25 சென்டிமீட்டரைத் தாண்டும். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஜெனரேட்டர் டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்டோம்! (கே.ஆர். புரம்)

நிமிர்த்தி வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுப் பிறகு சுவிட்ச் போடுங்கள். கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும்.