இசைத்தட்டு எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இசைத்தட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு ஒரு குழப்பம். நண்பர் ஒருவர் வீட்டில் இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கவிடும் டர்ன்டேபிள் இருக்கிறது. ஒரே ஆல்பத்தை ரெக்கார்டிலும் ஸ்ட்ரீமிங்கிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கரகரப்பு வந்ததை வைத்துத்தான் எது ரெக்கார்டு என்று கண்டுபிடித்தேன். வேறு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ‘டிஜிட்டல் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது, ரெக்கார்டில்தான் முழு ஒலியும் இருக்கிறது’ என்கிறார் நண்பர். என் காதுதான் சரியில்லையா? இல்லை, இதெல்லாம் பழசின் மேல் இருக்கும் மோகம்தானா? எனக்கும் ஒன்று வாங்க ஆசை. காரணம் தெரியாமல் வாங்கத்தான் தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. நண்பர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. அதை முதலில் பார்த்துவிடலாம். அதை நம்பி ரெக்கார்டு வாங்குகிறவர்கள், எதிர்பார்த்த ஒலி கிடைக்காமல் சீக்கிரமே சலித்துப்போகிறார்கள்.

1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளவெடுக்கிறது. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் இருப்பது தொலைந்துபோகிறது என்று நண்பர் நினைக்கிறார். தொலைவதில்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணை (அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை, இதன் அலகு ஹெர்ட்ஸ்) போல இரண்டு மடங்குக்கு மேல் அளவெடுத்துவிட்டால், அந்த எண்களிலிருந்தே மூல அலையை மீட்டுவிட முடியும். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்கு நிரூபணம் இருக்கிறது. மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் என்பதால் 44,100 தாராளமாகப் போதும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சிடி கொடுக்கும் இடைவெளி ஏறக்குறைய 96 டெசிபல். நல்ல ரெக்கார்டே 70ஐத் தொட்டால் பெரிது.

ரெக்கார்டில் ஒலி கைபடாமல் இருக்கிறது என்பதும் உண்மையில்லை. தட்டில் சுருளாக வெட்டிய ஒரு பள்ளத்தின் வளைவுகளில்தான் ஒலி இருக்கிறது. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதனால் பேஸைக் குறைத்து, ட்ரெபிள் என்கிற உயர்ந்த ஒலியை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சிறு மின்கருவி அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறது. அப்புறம், இன்று வரும் ரெக்கார்டுகளில் ஏராளமானவை டிஜிட்டல் பதிவிலிருந்தே வெட்டப்படுகின்றன. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகள் அசல் டேப்பிலிருந்து நேரடியாக வெட்டப்படுபவை என்று ரசிகர்கள் நம்பியிருந்தார்கள். அவற்றில் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022இல் தெரியவந்தது. அதுவரை அவற்றை அனலாக் (எண்களாக மாற்றாத) ஒலியின் உச்சம் என்று கொண்டாடியவர்கள் தேர்ந்த காது உள்ளவர்கள்தான்.

சில ஆல்பங்கள் ரெக்கார்டில் கேட்க நன்றாக இருக்கும் என்பது நிஜம். 1990களிலிருந்து பல சிடிக்களில், மற்றதைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மெல்லிய இடங்களையும் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நசுக்கினார்கள். ரெக்கார்டுக்குத் தனியாக மாஸ்டர் செய்த (வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீரமைத்த) ஆல்பங்கள் சில அதிலிருந்து தப்பித்தன. அந்தப் பெருமை மாஸ்டர் செய்தவருக்குப் போக வேண்டியது.

இவ்வளவும் தெரிந்துதான் நான் ரெக்கார்டு கேட்கிறேன். ஒலித்தரத்தில் அது ஜெயிக்கிறது என்று வாதாடுவதில் எனக்கு வருத்தம்கூட உண்டு. தோற்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதன் நிஜமான அழகைப் பேசாமலே விட்டுவிடுகிறோம்.

அடுத்த முறை நண்பர் வீட்டுக்குப் போனால் ஒன்று செய்து பாருங்கள். தட்டு சுற்றட்டும், முள் பள்ளத்திலேயே இருக்கட்டும். ஆம்பிளிஃபயரை மட்டும் அணைத்துவிட்டு, முள்ளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். பாட்டு கேட்கும். கொசுவின் ரீங்காரம் போல மெலிசாகத்தான் இருக்கும், ஆனாலும் மெட்டு தெரியும், சில சமயம் பாட்டின் வரிகூடப் புரியும். அங்கே மின்சாரம் செய்வது தட்டைச் சுழற்றுவது மட்டும்தான். முள்ளின் வைர நுனி பள்ளத்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் அசைகிறது, அந்த அசைவே பாட்டாகிறது. ஸ்டீரியோ தட்டில் உட்பக்கச் சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலியும் வெளிப்பக்கச் சுவரில் வலது ஸ்பீக்கருக்கான ஒலியும் இருக்கும். ஒரே முள் இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டு போகிறது. தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உரத்த இடங்களும் அமைதியான இடங்களும் வேறு வேறு பளபளப்பில் தெரியும். ஒரு பக்கம் முழுக்க ஓடுவது ஒரே ஒரு பள்ளம். அதை நீட்டி வைத்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். ஒருவர் பாடியபோது காற்று அசைந்ததன் தடம் அவ்வளவு தூரத்துக்கு அதில் கிடக்கிறது, விரலால் தொட்டுவிடலாம் (தயவுசெய்து தொட வேண்டாம், விரலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்). ஃபைலில் இருப்பவை எண்கள். பாட்டும் புகைப்படமும் வங்கிக் கணக்கும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது, ரெக்கார்டு முடிந்துபோகிறது என்பதை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 முதல் 5 நிமிடம்தான் கிடைக்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. (லாங் ப்ளே) தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறைதான் சுற்றியது, பள்ளமும் நுணுக்கமானது. அதனால் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அந்த அளவுக்கேற்ப யோசிக்க இசைக்கலைஞர்கள் பழகிக்கொண்டார்கள். முதல் பக்கம் எதில் முடிய வேண்டும், தட்டைத் திருப்பிப் போட்டதும் எது காதில் விழ வேண்டும் என்பதெல்லாம் இசையமைப்பின் பகுதியாகவே ஆனது. தட்டின் உடலும் இதில் ஒரு வார்த்தை சொன்னது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்ட வேண்டும், உயர்ந்த ஒலிகள் அங்கே பிசிறடிக்கும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை வெளி ஓரத்திலும், சாந்தமான பாட்டைப் பக்கத்தின் கடைசியிலும் வைப்பார்கள். பல பழைய ஆல்பங்களில் ஒரு பக்கம் மெல்ல அடங்கி முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்கிறவருக்கும் இது ஏதோ செய்கிறது. ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டு 20 விநாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் என் விரல் அடுத்ததற்குப் போய்விடும். ரெக்கார்டில் அதற்காக எழுந்துபோய் முள்ளைத் தூக்கி, சரியான இடம் பார்த்து வைக்க வேண்டும். சரி, ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். அப்படி விட்ட பாட்டுகளில் சில, பல மாதங்கள் கழித்து எனக்கு அந்த ஆல்பத்திலேயே மிகவும் பிடித்தவை ஆகியிருக்கின்றன. முதல் தடவையிலேயே மனதைத் தொடும் இசை உண்டு, நாலைந்து தடவை கேட்ட பிறகே வாய்திறக்கும் இசையும் உண்டு. இந்த இரண்டாவது வகைக்கு ரெக்கார்டு பொறுமை வாங்கித் தருகிறது. அப்புறம் பக்கம் முடிந்ததும் அறை அமைதியாகிவிடும், வேறு யாரோ தேர்ந்தெடுத்த அடுத்த பாட்டு தானாக வந்து விழாது. இன்னும் கேட்பதா, போதுமா என்று நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கை நான் விட்டுவிடவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் இசையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இன்று இல்லை.

மோகமா என்று கேட்டீர்கள். சிலருக்கு இருக்கலாம், ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. இன்று ரெக்கார்டு வாங்குகிற பலர், ரெக்கார்டு அரசாண்ட காலத்துக்குப் பின்னால் பிறந்தவர்கள். அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி ரெக்கார்டுகளும் 3.3 கோடி சிடிக்களும் விற்றன. எண்ணிக்கையில் ரெக்கார்டு சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. அதே ஆண்டு அங்கே இசை வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங்கிலிருந்துதான் வந்தது. ஆக, மக்கள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு ஓடவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் சொல்கிறேன். வண்டியில் போகும்போதும் வேலைக்கு நடுவிலும் மட்டும்தான் பாட்டுக் கேட்பீர்கள் என்றால் வாங்க வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்து 20 நிமிடம் கேட்க முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். சூட்கேஸ் மாதிரி வரும் மலிவான பிளேயர்களைத் தவிர்த்துவிடுங்கள். முள் தட்டில் 2 கிராம் அளவுக்கு அழுத்தினால் போதும், அந்தப் பிளேயர்களில் பல அதைப் போல இரண்டு மடங்கு அழுத்தும், குறைக்கவும் வழியிருக்காது. முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்னால் எடையைத் திருகிச் சரிசெய்யக்கூடிய, முள்ளை மாற்றக்கூடிய டர்ன்டேபிளாகப் பாருங்கள். ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டிவரும். தட்டு துடைக்கிற கார்பன் ஃபைபர் பிரஷ் ஒன்றையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். நீங்கள் கேட்ட கரகரப்புக்குத் தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்புடன்.