முகமூடியா, முகக்கவசமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முகமூடி, முகக்கவசம் ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளுக்கு வழங்குகின்றன. இவற்றுள் எது சரியான சொல்? நான் எழுதும்போது எதைப் பயன்படுத்த வேண்டும்?

பதில்: இரண்டுமே சரியான சொற்கள்தாம். ஆனால் அவை ஒரே பொருளைக் குறிக்கின்றன என்பதை நான் ஏற்கவில்லை. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. அதே முறையில், ‘மூடு’ என்னும் வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்து, முகத்தை மூடுவது முகமூடி ஆயிற்று. மலையாளத்திலும் இதே அமைப்பில்தான் இச்சொல் வழங்குகிறது. சொல்லின் உறுப்புகளை மட்டும் பார்த்தால் அது ஒரு செயலைச் சொல்கிறதே தவிர, அச்செயலின் நோக்கத்தைச் சொல்லவில்லை. துணியால் மூடினாலும் மரத்தால் செய்து மாட்டினாலும் அது முகமூடியே.

எனினும், வழக்கு அதற்கு ஒரு நோக்கத்தைத் தந்துவிட்டது. ‘முகமூடிக் கொள்ளையர்’ என்று செய்தித்தாள்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. ஒருவருடைய போலித்தனம் வெளிப்பட்டால் ‘முகமூடி கழன்றது’ என்கிறோம். தன்னை அடுத்திருப்பதைக் காட்டும் பளிங்கைப் போல, நெஞ்சத்தில் மிகுந்திருப்பதை முகம் காட்டிவிடும் என்று திருக்குறள் (706) கூறுகிறது. முகம் நெஞ்சத்தின் பளிங்கு என்றால், அதை மூடுகிறவர் நெஞ்சத்தையே மறைக்கிறார் என்ற எண்ணம் எழுவது இயல்பு. முகமூடி என்ற சொல்லின்மேல் ஐயத்தின் நிழல் படிந்தது இவ்வாறுதான் என்று கருதுகிறேன்.

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று பரவி, எல்லாரும் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள நேர்ந்தபோது, அந்த நிழல் படியாத ஒரு சொல் தேவைப்பட்டது. தலைக்கவசம் என்ற சொல் முன்பே பழகிப்போயிருந்ததால், அதே அச்சில் வார்த்த முகக்கவசம் விரைவாக ஊன்றியது. கவசம் என்பது போரில் உடலைக் காக்க அணிவது. ஒவ்வோர் உறுப்பையும் காக்க வேண்டிப் பாடும் பக்திப் பாடலுக்கும் அதுவே பெயர். ஆகவே அச்சொல்லைக் கேட்டவுடன் காப்பு என்னும் எண்ணமே தோன்றுகிறது, மறைப்பு தோன்றுவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவசம் அணிபவரைக் காப்பது. ஆனால் அறுவை மருத்துவர் அணியும் துணி, முதன்மையாக, எதிரே படுத்திருப்பவரைக் காப்பதற்காக வந்தது. பேசும்போது தெறிக்கும் நுண்துளிகள் நோயாளியின் புண்ணில் விழாதிருக்க, 1897ஆம் ஆண்டில் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் அறுவை மருத்துவர் யோகான் மிகுலிச் வலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு பணி செய்தார். அதே ஆண்டில் பாரிசில் பால் பெர்ஜேயும் அவ்வாறே செய்தார். பிறரைக் காக்கும் இந்தப் பண்பு கவசம் என்னும் சொல்லில் முழுமையாக அடங்கவில்லை. ஆயினும் ‘மூடி’யைவிட அதுவே அப்பண்புக்கு நெருங்கியது என்பதால், நலம் காக்க அணிவதை முகக்கவசம் என்றும், உருவத்தை மறைக்கவோ வேறோர் உருவம் கொள்ளவோ அணிவதை முகமூடி என்றும் பிரித்து எழுதுமாறு வேண்டுகிறேன். மொழி தானாகவே உண்டாக்கிய வேறுபாட்டை நாம் அழித்துவிடக் கூடாது.

கேள்வி: ‘மாஸ்க்’ என்ற ஆங்கிலச் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்று படித்தேன். உண்மையா?

பதில்: அது ஒரு கொள்கை, அதற்கு இணையான வலிமையுள்ள வேறொரு கொள்கையும் உண்டு. ஆங்கிலத்துக்கு இச்சொல் பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது என்பதிலும், பிரெஞ்சு மொழி அதை ‘மாஸ்கெரா’ என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து பெற்றது என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. இத்தாலியச் சொல்லுக்கு முன்னால்தான் வழி இரண்டாகப் பிரிகிறது.

ஒரு வழி அரபு மொழிக்குச் செல்கிறது. அங்கே எள்ளி நகையாடுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த ‘மஸ்கரா’ என்ற சொல், நகைப்புக்குரியவரையும் கோமாளியையும் குறிக்கிறது; அது பாரசீகத்திலும் உருதுவிலும் புகுந்து இன்றும் வழங்குகிறது. மற்றொரு வழி, பேய், சூனியக்காரி என்னும் பொருள்களைத் தந்த ‘மாஸ்கா’ என்ற இடைக்கால இலத்தீன் சொல்லுக்குச் செல்கிறது. இத்தாலியை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான லொம்பார்டுகளின் அரசர் ரோத்தாரி கி.பி. 643இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் இச்சொல் சூனியக்காரி என்ற பொருளிலேயே வருகிறது. மாஸ்கா என்று சொல்லி ஓர் அடிமைப் பெண்ணைக் கொல்வதை அச்சட்டம் தடுக்கிறது. வடமேற்கு இத்தாலியின் பியத்மோந்து பகுதியில் இன்றும் மாஸ்கா என்றால் சூனியக்காரியே. சட்ட ஏட்டிலேயே பதிவான சான்று என்பதால் என் மனம் இரண்டாவது வழியின் பக்கம் சாய்கிறது. கண் இமைக்குத் தீட்டும் ‘மஸ்காரா’ இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பானியச் சொல்.

பேய்க்கும் முகமூடிக்கும் இடையிலான உறவு இந்த ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. இலத்தீனில் ‘லார்வா’ என்றால் ஆவி. முகமூடிக்கும் அதுவே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்கை அறிஞர் லின்னேயஸ் அச்சொல்லைப் பூச்சியின் புழுப்பருவத்துக்குச் சூட்டினார். வளர்ந்த பூச்சியின் உருவத்தைப் புழு உருவம் முகமூடிபோல் மறைத்திருக்கிறது என்பதே அப்பெயரின் கருத்து. பாடநூலில் லார்வா என்று படிக்கும் மாணவர்களுக்கு இதையும் சொல்லிக்கொடுத்தால் அச்சொல் நினைவை விட்டு நீங்காது.

கேள்வி: ஆளைக் குறிக்கும் ‘பெர்சன்’ என்ற சொல்லும் முகமூடியிலிருந்து பிறந்ததாமே?

பதில்: ஆம். ‘பெர்சோனா’ என்பது இலத்தீனில் நடிகர் அணிந்த முகமூடி. பிறகு அது நாடக மாந்தரையும், அதன்பின் சட்டத்தின்முன் நிற்கும் ஆளையும், இறுதியில் மனிதர் எவரையும் குறிக்கலாயிற்று. வாய்த்துளை வழியாக நடிகரின் குரல் ஒலித்ததால் ‘ஊடே ஒலித்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து இச்சொல் பிறந்தது என்னும் விளக்கம் பழங்காலத்திலேயே வழங்கியது. இரண்டாம் நூற்றாண்டு உரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். கேட்க இனிமையாக இருந்தாலும் அது பொருந்தாது. பெர்சோனாவில் ஓகாரம் நெடில், ஒலித்தலைக் குறிக்கும் வினையில் ஒகரம் குறில். இத்தாலியின் தர்க்குவினியாவில், உரோமானியரின் எழுச்சிக்கு முன் அங்கே செழித்திருந்த எத்ருஸ்கர் என்னும் மக்களின், கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்றில், முகமூடி அணிந்த ஓர் உருவத்தின் அருகே ‘பெர்சு’ என்று எழுதப்பட்டுள்ளது. அறிஞர் பலர் அதனையே இச்சொல்லின் மூலமாகக் கருதுகின்றனர்.

தமிழ் இந்த இடத்தில் வேறு பாதையில் சென்றது. நமக்கு ஆளின் அடையாளமாக நிற்பது முகமே. புதிதாக வருபவர் புதுமுகம். ஒருவரை மற்றவருக்குத் தெரியச் செய்வது அறிமுகம். அங்கே முகமூடி ஆளாயிற்று. இங்கே முகம் ஆளாயிற்று.

கேள்வி: முகத்தை மூடுவதற்குப் பழந்தமிழில் சொல் இருந்ததா?

பதில்: யானையின் நெற்றியில் தொங்கவிடும் துணிக்கு இருந்தது. திருக்குறள் (1087) ‘கடாஅக் களிற்றின்மேல் கட்படாம்’ என்று அதைக் குறிக்கிறது. கண் என்பதும் துணியைக் குறிக்கும் படாம் என்பதும் சேர்ந்ததே கட்படாம். உரைகாரர் அதனை முகபடாம் என்று விளக்குவர். கவசத்துக்கோ பதிற்றுப்பத்தில் ‘மெய்ம்மறை’ என்ற அழகிய சொல் உண்டு. உடலை மறைப்பது என்று பொருள்பட்டாலும் அது குறிப்பது காக்கும் கருவியை. மறைத்தலும் காத்தலும் பகையாகாமல் ஒரே சொல்லுக்குள் இணங்கி நின்ற காலம் அது என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: மூடி, மூடர் ஆகிய இரண்டுக்கும் வேர் ஒன்றா? அறிவு மூடப்பட்டவர் மூடர் என்று ஒருவர் விளக்கினார்.

பதில்: ஒன்றல்ல. மூடி, மூடுபனி ஆகியவை ‘மூடு’ என்னும் திராவிட வினையிலிருந்து வந்தவை; மூடர், மூடநம்பிக்கை ஆகியவற்றில் உள்ளது மயங்கியவர் என்று பொருள்படும் வடசொல்.

கேள்வி: ‘முககவசம்’ என்று அறிவிப்புப் பலகைகளில் காண்கிறேன். சரியா?

பதில்: பிழை. முகத்துக்குக் கவசம் என்று விரியும் வேற்றுமைத் தொகை இது. மரம் என்பதும் பலகை என்பதும் சேர்ந்து மரப்பலகை ஆவதுபோல, மகர மெய் கெட்டு வல்லினம் மிகும். முகக்கவசம் என்றே எழுத வேண்டும். முகமூடியில் அடுத்து வருவது மெல்லினமாகிய மகரம் என்பதால் எதுவும் மிகவில்லை.